ஹாகிஸுக்கு எந்தப் பக்கக் கால் குட்டை?

வாசகர் ஒருவரின் கேள்வி, ஜனவரி 5

"ஸ்காட்லாந்தின் மலைச்சரிவுகளில் ஹாகிஸ் என்று ஒரு சிறிய மிருகம் இருக்கிறதாமே? உடலெல்லாம் ரோமம், நான்கு கால், அதில் ஒரு பக்கத்து இரண்டு கால்கள் மட்டும் குட்டை. சரிவில் சாயாமல் ஓடுவதற்காக இயற்கை அப்படி அமைத்திருக்கிறது என்கிறார் என்னோடு வேலை பார்க்கும் ஸ்காட்லாந்துக்காரர். அருங்காட்சியகத்தில் பாடம் செய்து வைத்திருக்கும் படத்தையும் காட்டினார். இவ்வளவு அபூர்வமான பிராணியைப் பிடித்துத் தின்ன அரசாங்கம் எப்படி அனுமதிக்கிறது? அங்கே இருப்பவர்கள் யாராவது விளக்கவும்."

ஜனவரி 5, இரவு

அங்கே இருப்பவன் நான். கிளாஸ்கோ, பதினொரு வருடம். அப்படி ஒரு மிருகம் கிடையாது. ஆட்டின் இதயம், கல்லீரல், நுரையீரல் மூன்றையும் வேகவைத்துப் பொடியாகக் கொத்தி, வெங்காயம், ஓட்ஸ், கொழுப்பு, உப்பு, மிளகு சேர்த்து, அந்த ஆட்டின் இரைப்பைக்குள்ளேயே அடைத்து மறுபடி வேகவைத்தால் அதுதான் ஹாகிஸ். இப்போது கடைகளில் வருவதில் பெரும்பாலும் இரைப்பைக்குப் பதில் செயற்கை உறை. உங்கள் நண்பர் உங்கள் காதில் பூச்சுற்றியிருக்கிறார்.

சிரிக்க எனக்கு உரிமை இல்லை. நானே இதை ஒன்பது நாள் நம்பினேன். நாளை எழுதுகிறேன்.

ஜனவரி 6

இங்கே வந்த முதல் நவம்பர். வேலையிடத்தில் எனக்கு மேசை காட்டியவர் மேற்குத் தீவுகளில் பிறந்து வளர்ந்த ஒரு பெரியவர். அதிகம் பேசமாட்டார். ஒரு சனிக்கிழமை என்னை டம்கோயினுக்கு அழைத்துப்போனார். கிளாஸ்கோவுக்கு வடக்கே கவிழ்த்து வைத்த கும்பா போல் தனியாக நிற்கும் குன்று, உயரம் 427 மீட்டர். உயரம் கொஞ்சம்தான், ஆனால் நேர்ச்சரிவு. பாதி வழியில் எனக்கு மூச்சு வாங்கியது. நின்றேன். அப்போதுதான் புல்வெளியில் அந்தக் கோடுகளைப் பார்த்தேன். சரிவின் குறுக்கே, ஒன்றின் மேல் ஒன்றாக, படிக்கட்டுக்குக் கோடு போட்டதுபோல் குறுகலான தடங்கள். ஒரு பாதம் வைக்கிற அகலம்தான் இருக்கும்.

"இவை என்ன?" என்று நான்தான் கேட்டேன். அவர் ஆரம்பிக்கவில்லை, இதை மறக்கக்கூடாது.

"ஆட்டுத் தடம்" என்றார். குடுவையைத் திறந்து தேநீர் ஊற்றினார். ஒரு வாய் குடித்தார். பிறகு, "கீழே இருப்பவை" என்றார்.

அவ்வளவுதான். மேலே இருப்பவை என்ன என்று கேட்காமல் யாரால் இருக்க முடியும்? கேட்டேன். மனம் இல்லாதவர்போல், கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். முகத்தில் ஒரு சுருக்கம்கூட மாறவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் கைப்பேசியில் தேடினேன், படத்தோடு வந்தது. முடிந்தது கதை.

(அந்தக் கோடுகள் உண்மையானவை. செங்குத்தான புல்சரிவுகளில் மண் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே நகர்வதால் சிறு படிகள் உண்டாகின்றன, ஆடுகள் மிதித்து மிதித்து அவற்றைத் தடமாக்கிவிடுகின்றன. உலகில் பல இடங்களில் உண்டு.)

ஜனவரி 7

கால் விஷயம். ஹாகிஸில் இரண்டு வகை என்பார்கள். ஒன்று மலையை வலஞ்சுழியாகச் சுற்றும், மற்றது இடஞ்சுழியாக. எந்தப் பக்கம் மலை இருக்கிறதோ அந்தப் பக்கக் கால்கள் குட்டை. வலஞ்சுழி வகைக்கு இடப்பக்கக் கால்கள் குட்டை.

நான் பொறியியல் படித்தவன், கணக்குப் போடாமல் விடமாட்டேன். சரிவு 30 டிகிரி, இரு பக்கக் கால்களுக்கும் இடைவெளி 20 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், உடல் சாயாமல் நிற்க நெட்டைக் கால் குட்டைக் காலைவிட 10 செ.மீ. நீளமாக இருக்கவேண்டும். 40 டிகிரி சரிவில் பிறந்த ஹாகிஸ் 30 டிகிரி சரிவுக்குக் குடிபெயர்ந்தால் ஆயுள் முழுக்கச் சாய்ந்தே நடக்கும். ஒவ்வொரு மலைக்கும் ஒரு தனி இனம் வேண்டியிருக்கும் என்று ஆகிறது. ஸ்காட்லாந்தில் 3000 அடிக்கு மேற்பட்ட மலைகள் மட்டும் 282. இரண்டு சுழிக்கும் சேர்த்து 564 இனம். இந்தக் கணக்கை அந்த ஒன்பது நாளில் உண்மையாகவே ஒரு காகிதத்தில் போட்டேன். கணக்கு ஒத்துவந்ததால் நம்பிக்கை கூடியது. அதுதான் வெட்கக்கேடு.

ஜனவரி 7, பத்து நிமிடம் கழித்து

20 செ.மீ. என்பதைத் தரையை ஒட்டி அளந்தால் 10. கிடைமட்டமாக அளந்தால் 11.5. எழுதி முடித்ததும் உறுத்தியது. யாரும் சுட்டிக்காட்டுமுன் நானே சொல்லிவிடுகிறேன்.

ஜனவரி 8

கணிதத்தைவிடப் பெரிய தப்பு வேறு ஒன்று செய்திருக்கிறேன், மூன்று பேர் சுட்டிக்காட்டிவிட்டார்கள். வலஞ்சுழி வகைக்கு வலப்பக்கக் கால்தான் குட்டை. நான் மாற்றி எழுதிவிட்டேன். நம்பாமல் நேற்றிரவு சாப்பாட்டு மேசையை மலையாக வைத்துச் சுற்றிப் பார்த்தேன். கடிகாரம் ஓடும் திசையில் போனால் மேசை என் வலப்பக்கம் வருகிறது. மனைவி கேட்டாள், என்ன செய்கிறீர்கள் என்று. ஹாகிஸ் என்றேன். வேறு கேள்வி இல்லை.

அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னபோது, "வலம் வருவது என்றால் சாமி வலப்பக்கம் இருக்கவேண்டும். இதற்கு எதற்கடா மேசையைச் சுற்றினாய்?" என்றாள். சொல்லிலேயே விடை இருந்திருக்கிறது. அவளைப் பொறுத்தவரை ஹாகிஸில் ஒரு வகை கிரிவலம் போகிறது, மற்றொரு வகைக்கு ஆசாரம் தெரியாது.

ஜனவரி 9

இரண்டு வகையும் கலந்து குட்டி போடுமா என்ற கேள்விக்கு: போடாது. இந்த வகை ஆண் அந்த வகைப் பெண்ணோடு சேரவேண்டுமானால் அது பார்க்கும் திசைக்கே இதுவும் திரும்பி நிற்கவேண்டும். திரும்பிய மறுகணம் நெட்டைக் கால் மேட்டுப் பக்கம் வந்துவிடும், உருண்டுவிடும். ஆகவே இரு வகையும் சண்டை சச்சரவு இல்லாமல் ஒரே மலையில் வாழும், கால் வித்தியாசம் மட்டும் தலைமுறைக்குத் தலைமுறை கூடிக்கொண்டே போகும். எவ்வளவு அழகான பரிணாமப் பாடம் என்று பாருங்கள். எந்தப் பாடப்புத்தகமும் எனக்கு இனப்பிரிவை இவ்வளவு தெளிவாக விளக்கியதில்லை.

பிடிப்பதும் அப்படித்தான். துப்பாக்கி வேண்டாம். எதிர்த்திசையில் ஓடிப்போய் முன்னால் நின்றால் போதும், மிரண்டு திரும்பும், விழும். அடிவாரத்தில் சாக்கோடு ஒருவர் நின்றால் நேரே உள்ளே வந்துவிடும்.

இந்தச் சாக்கு வேலை ஆல்ப்ஸ் மலைப்பக்கத்திலும் உண்டு. பிரான்சிலும் சுவிட்சர்லாந்திலும் இதே கால்களோடு 'தஹு' என்ற மலையாடு. வெளியூர் ஆளை இரவில் சாக்கோடு பள்ளத்தில் நிறுத்திவிட்டு, மேலே போய் விரட்டிவிடுகிறோம் என்று சொல்லி எல்லாரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அதோடு பார்த்தால் என் பெரியவர் தேநீர் கொடுத்தார், தயாளன்.

ஜனவரி 10

ஹாகிஸ் நீந்துமா என்று கேட்டவருக்கு: நீந்தும், வட்டமாக.

ஜனவரி 12

ஏன் இப்படி ஒரு கதை கட்டினார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். என் கணிப்பு: உள்ளே என்ன இருக்கிறது என்று விருந்தாளியிடம் சொல்ல முடியாமல்தான். "நுரையீரல் அடைத்த இரைப்பை" என்று சொன்னால் தட்டைத் தள்ளிவிடுவான். "மலைப்பிராணி" என்றால் ஆர்வமாகக் கேட்பான். மிருகத்தை நம்புவது பண்டத்தை நம்புவதைவிட எளிது. அமெரிக்காவில் 1971 முதல் கால்நடையின் நுரையீரலை மனித உணவாக விற்கவே தடை, அசல் ஹாகிஸ் அங்கே நுழைய முடியாததற்கு அது ஒரு காரணம். இந்தப் பின்னணியில் பார்த்தால் பொருத்தமாக இருக்கிறது.

நம்மிடம் இந்தத் தந்திரம் பலிக்காது. நான் முதன்முதலில் ஹாகிஸை வெட்டியபோது வந்த வாசனை எனக்குப் புதிதே இல்லை. மிளகு தூக்கலாகப் போட்ட ஈரல் வறுவல் வாசனை. கத்தி பட்டதும் உறை பிளந்து கரும்பழுப்பாக, உதிரியாக, ஆவியோடு சரிந்தது. ஓட்ஸ் பல்லில் நொய்யரிசி போல் தட்டுப்பட்டது. பக்கத்தில் மசித்த உருளைக்கிழங்கும், மஞ்சளாக மசித்த ஒரு வகை டர்னிப் கிழங்கும். குடலும் தலைக்கறியும் தின்று வளர்ந்தவனுக்கு இதில் ஒளிக்க என்ன இருக்கிறது? கொஞ்சம் காரம் போதாது, அவ்வளவுதான்.

ஜனவரி 13

நேற்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். ஒளிக்க விரும்புகிறவர்கள் அதைத் தட்டில் வைத்துக் குழல் ஊதி ஊர்வலமாக எடுத்துவர மாட்டார்கள். ஜனவரி 25 ஸ்காட்லாந்தின் தேசியக் கவி ராபர்ட் பர்ன்ஸ் பிறந்தநாள். அன்று ஹாகிஸ் நுழைகிறபோது எல்லாரும் எழுந்து நிற்கவேண்டும். 1786-இல் அவர் ஹாகிஸை நேரே பார்த்துப் பேசுவதாக எழுதிய கவிதையை ஒருவர் முழுதாகச் சொல்வார், வெட்டுகிற வரி வந்ததும் கத்தியை ஓங்கி உள்ளே இறக்குவார், குடல் பிதுங்குவதுபோல் பிதுங்கும், கைதட்டுவார்கள். உள்ளே இருப்பதைச் சபைக்குக் காட்டுவதே சடங்கு. ஆக, மறைப்பதற்காகக் கதை என்ற என் கணிப்பு நிற்காது.

பிறகு எதற்காக? தெரிந்தால் எழுதுகிறேன்.

ஜனவரி 13, இரவு

சைவ ஹாகிஸ் உண்டா என்று தனிமடலில் கேட்டவருக்கு: உண்டு, 1984-இல் எடின்பரோ கடை ஒன்று கொண்டுவந்தது. பருப்பு, பீன்ஸ், ஓட்ஸ், கொட்டைகள். நன்றாகவே இருக்கும். அதன் கால்களைப் பற்றி எனக்குத் தகவல் இல்லை.

ஜனவரி 17

மகளோடு கெல்விங்க்ரோவ் அருங்காட்சியகம் போய்வந்தேன். வாசகர் பார்த்த படம் அங்கே எடுத்ததாகத்தான் இருக்கவேண்டும். பாடம் செய்த காட்டு ஹாகிஸ், அதன் பக்கத்திலேயே சமைத்த ஹாகிஸ். அந்த இடத்தின் சாமர்த்தியம் என்னவென்றால், அதே கட்டிடத்தில் சர் ராஜர் என்ற யானை நிற்கிறது, அது நிஜ யானை, நிஜமாகவே கிளாஸ்கோவில் இருந்தது. யானையின் தலைக்கு மேலே நிஜப் போர்விமானம் தொங்குகிறது. இரண்டையும் பார்த்துவிட்டு வருகிறவனுக்கு மூன்றாவதைச் சந்தேகிக்கத் தோன்றுமா? பொய்யை உண்மைகளுக்கு நடுவில் உட்காரவைத்துவிட்டார்கள்.

படித்தவர்களும் சேர்ந்துகொள்கிறார்கள். பிரிட்டிஷ் கால்நடை மருத்துவ இதழ் ஒன்றில் 2007-இல் ஓர் ஆய்வுக்கட்டுரை வந்தது, ஹாகிஸுக்கு ஸ்கேன் எடுத்துக் கர்ப்பம் பார்ப்பது பற்றி. அதில் விலங்குக்குக் கொடுத்த லத்தீன் பெயர், பர்ன்ஸ் ஹாகிஸை வாழ்த்தும் ஒரு வரியின் மொழிபெயர்ப்பு: டுக்ஸ் மாக்னஸ் என்று ஆரம்பிக்கும், மாபெரும் தலைவன் என்று அர்த்தம். தொட்டுத் தின்கிற பண்டத்துக்கு ஸ்கேன்.

2003-இல் ஹாகிஸ் தயாரிக்கும் ஒரு நிறுவனம் அமெரிக்கப் பயணிகளிடம் கேட்டதில் மூன்றில் ஒருவர் அது மிருகம் என்றே நினைத்திருந்தார். ஆகவே கேள்வி கேட்ட நண்பர் வருத்தப்பட வேண்டாம், கூட்டம் பெரிது.

ஜனவரி 18

தூங்கப்போகும் நேரத்தில் தோன்றியது. நாம் இல்லவே இல்லாத ஒன்றைச் சொல்ல 'குதிரைக்கொம்பு' என்கிறோம், 'முயற்கொம்பு' என்கிறோம். ஸ்காட்லாந்தின் தேசிய விலங்கு எது தெரியுமா? நெற்றியில் ஒற்றைக் கொம்பு வைத்த குதிரை. அரச இலச்சினையில் சங்கிலி போட்டு நிறுத்தியிருக்கிறார்கள், ஓடிவிடும் என்று. குதிரைக்கொம்பையே தேசிய விலங்காக வைத்திருப்பவர்களிடம் ஹாகிஸ் உண்டா இல்லையா என்று கேட்கப்போனது நம் தப்பு.

முயற்கொம்பு அமெரிக்காவில் இருக்கிறது. வயோமிங் மாநிலத்தில் டக்ளஸ் என்ற சிற்றூர். 1930-களில் அங்கே இரண்டு சகோதரர்கள் பாடம் செய்த முயலின் தலையில் மான் கொம்பை ஒட்டி விற்றார்கள். இன்று ஊரில் அதற்குச் சிலை, வேட்டை உரிமச் சீட்டுகூடத் தருகிறார்கள். செல்லுபடியாகும் நாள் ஜூன் 31.

இதில் ஒரு விபரீதம் உண்டு. முயலுக்கு ஒருவித வைரஸ் பிடித்தால் தலையிலும் முகத்திலும் கொம்பு மாதிரியே கறுத்த கட்டிகள் முளைக்கும். 1933-இல் ரிச்சர்ட் ஷோப் என்ற விஞ்ஞானி அதைக் கண்டறிந்தார். ஆகவே முயற்கொம்பு என்று இனி யோசித்துத்தான் சொல்லவேண்டும்.

ஜனவரி 20

ஒருவர் காரமாக எழுதியிருக்கிறார்: இது வெளிநாட்டுக்காரனை மட்டம் தட்டும் வேலை, நீங்கள் அசடுபோல ரசிக்கிறீர்கள் என்று. இரண்டு நாள் பதில் எழுதவில்லை.

பத்தாம் நாள் எனக்கு உண்மை தெரிந்த விதத்தைச் சொல்கிறேன். இறைச்சிக்கடையில் வரிசையில் நின்று, என் முறை வந்ததும், "வலஞ்சுழியா இடஞ்சுழியா, எது ருசி அதிகம்?" என்று கேட்டேன். கடைக்காரர் கண் இமைக்காமல் என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் நின்ற பாட்டி, "இடஞ்சுழி கொஞ்சம் முற்றலாக இருக்கும், மகனே" என்றாள். கடைக்காரர் தலையாட்டினார். யாரும் சிரிக்கவில்லை. பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, அதன் பின்புறத்தில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தேன். ஆட்டு ஈரல், ஆட்டு நுரையீரல்.

காது சுட்டது. மறுநாள் பெரியவரிடம் போய் நின்றேன். சண்டை போடத்தான் போனேன். அவர், "கடையில் என்ன சொன்னார்கள்?" என்று ஆவலாகக் கேட்டார். சொன்னேன். பாட்டி வரியைக் கேட்டதும்தான் முதன்முறையாக அவர் சிரித்துப் பார்த்தேன், கண்ணில் நீர் வர. அந்தப் பாட்டியை அவருக்குத் தெரியாது, அவளுக்கு அவரைத் தெரியாது. ஒத்திகை இல்லாமல் மூன்று பேரும் ஒரே பாட்டைப் பாடியிருக்கிறார்கள். எனக்கு அதில்தான் கோபம் போனது. மட்டம் தட்டல் இல்லை என்று சொல்லமாட்டேன். கொஞ்சம் இருக்கிறது. அந்த மாலையில் அது எனக்கு வலித்தது. ஆனால் அதற்குப் பிறகு அலுவலகத்தில் என்னிடம் யாரும் மெதுவாக, சொல் சொல்லாக நிறுத்திப் பேசவில்லை. சாதாரணமாகப் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

ஜனவரி 22

பொய்யிலிருந்து உண்மை பிறந்ததற்கு ஓர் உதாரணம். ஹாகிஸ் எறிதல் என்று ஒரு போட்டி உண்டு. விஸ்கிப் பீப்பாய் மேல் ஏறி நின்று, யார் தூரமாக எறிவது என்று. பழங்காலத்தில் வயலில் வேலை செய்யும் கணவனுக்கு மனைவி ஓடைக்கு இந்தப்பக்கமிருந்து எறிவாள், அவன் பாவாடையில் பிடிப்பான் என்று தலபுராணம் சொல்வார்கள். (கில்ட் என்று எழுதியிருக்கவேண்டும், பாவாடை என்றால் இங்கே சண்டைக்கு வருவார்கள்.) அத்தனையும் 1970-களில் ஓர் ஐரிஷ்காரர் விளையாட்டாகக் கட்டிவிட்டது. அவரே பின்னர் ஒப்புக்கொண்டார். யாரும் நிறுத்தவில்லை. 2011-இல் ஒருவர் 66 மீட்டர் எறிந்து உலக சாதனை செய்தார். புராணம் பொய், 66 மீட்டர் மெய்.

பண்டமே ஸ்காட்லாந்துக்குச் சொந்தமா என்பதில்கூட வழக்கு இருக்கிறது. 1430 வாக்கில் இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் எழுதிய சமையல் ஏட்டில் ஹாகிஸ் செய்முறை இருக்கிறது, 1615-இல் அச்சான இங்கிலாந்துப் புத்தகம் ஒன்றிலும். இதைப் பெரியவரிடம் சொன்னேன். "மிருகம் எல்லை தாண்டி மேயப் போயிருக்கும்" என்றார்.

ஜனவரி 26

நேற்று பர்ன்ஸ் விருந்து. பழைய அலுவலகக் கூட்டம், பெரியவரும் வந்திருந்தார், ஓய்வுபெற்று நான்கு வருடம் ஆகிறது. எங்கள் மேசையில் ஒரு புதுப் பையன், வந்து மூன்று வாரம். குழல் ஊதிக்கொண்டு தட்டு போனபோது என் பக்கம் சாய்ந்து, "அண்ணா, இது என்ன கறி?" என்று கேட்டான்.

நியாயமாக நான் சொல்லியிருக்கவேண்டும். இருபது நாளாக இங்கே அதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன். "ஆட்டுக்கறி" என்றேன். தண்ணீர் எடுத்துக் குடித்தேன். எதிரே பெரியவர் முட்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெரும்பாலும்" என்றேன்.

ஜனவரி 27

ஆமாம், பையனிடம் உண்மையைச் சொல்லிவிடவேண்டும் என்று நான்கு பேர் எழுதியிருக்கிறீர்கள். சொல்லிவிடுவேன். அடுத்த வாரம் டம்கோயின் போகிறோம், வந்த பிறகு.

ஜனவரி 29

முதலில் கேள்வி கேட்ட வாசகர் திரும்பி வந்திருக்கிறார். இந்த இழை முழுவதையும் மொழிபெயர்த்துத் தன் ஸ்காட்லாந்து நண்பரிடம் காட்டினாராம். நண்பர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கிளாஸ்கோவில் இருக்கிறவருக்கு மலையைப் பற்றி என்ன தெரியும்? அந்தப் பக்கத்தில் ஹாகிஸ் கிடையாது, அது வடக்கே உயரத்தில் மட்டும்தான்" என்றாராம். இப்போது யாரை நம்புவது என்று கேட்கிறார்.

கிடையாதா? டம்கோயினில் தடம் இருக்கிறது, என் கண்ணால் பார்த்தேன். மேல்பாதியில், தென்மேற்குச் சரிவில். வலஞ்சுழி. வலக்கால் குட்டை. அவரை ஒருமுறை வந்து பார்க்கச் சொல்லுங்கள், சாக்கு நான் கொண்டுவருகிறேன்.